ஏழு சென்ட் பஞ்சமம்

நவம்பர் 2, ஞாயிறு

தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நடந்தேன். பேருந்தில் கும்பகோணம் போய், அங்கே பழைய வாத்தியங்கள் விற்கும் கடை வரைக்கும் நடந்து, இரட்டை ரீடு ஆர்மோனியம் ஒன்றை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தூக்கியதில் கைக்கும் பயிற்சி ஆயிற்று என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி திலகவதி பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். போன தடவை நான் இதே உற்சாகத்தோடு தகரம் தூக்கி வந்தது வெயிலில் வடாம் காயவைக்கும் இயந்திரம் செய்வதற்காக. அது வடாத்தைக் காயவைக்கவில்லை, பொரித்தது. அதற்கு முந்தைய கண்டுபிடிப்பான மழைநீர்த் தொட்டியில் மழைநீரைத் தவிர எல்லாம் சேர்ந்தது.

ஆனால் இது வேறு. மயிலாடுதுறை பாலிடெக்னிக்கில் தலை நரைக்க நரைக்கக் கணக்கு நடத்திவரும் தெய்வநாயகம் சங்கீதத்துக்குச் செய்த தொண்டு எங்கே ஆரம்பித்தது என்று பிற்காலத்தில் யாராவது தேடினால் உதவட்டும் என்றுதான் இந்த நாட்குறிப்பு. யாரும் தேட மாட்டார்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கீழ் ஸாவிலிருந்து மேல் ஸா வரை ஒரு ஸ்தாயி. சாதாரண ஆர்மோனியத்தில் அதைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டிக் கட்டை போட்டிருக்கிறார்கள். நம் முன்னோர்களோ சுருதி இருபத்திரண்டு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படியானால் இருபத்திரண்டு சம பாகமாக வெட்டிவிட்டால் போயிற்று! இவ்வளவு எளிய யோசனை ஏன் ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டேன். ஊரில் ஒருத்தருக்கும் தோன்றாத யோசனை நமக்குத் தோன்றினால் நின்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்பவனும் நான்தான்.

தமிழிசை மன்றச் செயலாளர் கலியபெருமாள், பாத்திரக்கடைக்காரர், டிசம்பர் 7-ஆம் தேதி பெட்டியை வெளியிட ஒப்புக்கொண்டார். அன்று அதோடு திலகவதி பாடுவாள் என்றும் நான் சொல்லிவிட்டேன். மன்றத்தின் தை மாத ஆண்டு விழாவில் இந்த வருடம் முக்கியக் கச்சேரி அவளுக்குத்தான். இத்தனை வருடம் அந்த மேடையில் கடவுள் வாழ்த்து பாடிவிட்டு, அடுத்து வருகிறவர் உட்காருவதற்காகப் பாயைச் சரிசெய்துவிட்டு இறங்கி வருவாள். முழுக் கச்சேரி இதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் என் பெட்டியோடு ஒருமுறை மேடையேறினால் அவளுக்கும் நல்லதுதானே. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 11

ஆர்மோனியத்துக்குள் கட்டைக்கு ஒன்றாகப் பித்தளை நாக்குகள், அதாவது ரீடுகள், இருக்கின்றன. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும், ஆசைப்பட்டுச் சுரண்டினால் ஒடியும். ஐந்து ஒடிந்தன. பித்தளைத் தூள் இன்று தயிரில் கிடந்தது. உடம்புக்குத் தாமிரச் சத்து நல்லது என்றேன். திலகவதி தயிரைச் செடிக்கு ஊற்றினாள்.

ஒவ்வொரு கட்டைக்கும் உரிய எண்ணைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். போனில் ஒரு செயலி இருக்கிறது. ஊதினால் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண் வரும்வரை சுரண்ட வேண்டியதுதான். காதுக்கு வேலையே இல்லை. என்னைப் போன்றவனுக்கு இது பெரிய வசதி.

நவம்பர் 20

பெட்டி முடிந்தது. திலகவதியைக் கூப்பிட்டு ஸாவையும் அதிலிருந்து பதின்மூன்று கட்டை தள்ளியிருந்த பாவையும் சேர்த்து அழுத்திக் காட்டினேன். பாடம் கேட்க வந்திருந்த பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டு வந்து நின்றபடியே கேட்டாள்.

“ஏங்க, பஞ்சமம் கொஞ்சம் ஏறி நிக்கிதே.”

“ஏறல திலகா. எண்ணுக்கு எண் சரியா இருக்கு. போனைப் பாரு.”

“போன் சரிங்க. பஞ்சமம் ஏறி நிக்கிது.”

பன்னிரண்டு கட்டைப் பெட்டியோடு பாடிப் பாடி அவள் காது தவறான பஞ்சமத்துக்குப் பழகிவிட்டது என்று எடுத்துச் சொன்னேன். தாளில் எழுதியும் காட்டினேன். அவள் அப்பா நாகசுரக்காரர். நடக்கப் பழகும் முன்பே சுருதி கேட்டு வளர்ந்தவளிடம் காதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அது என்னிடம் எப்போதும் உண்டு. முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்படியா,” என்று சொல்லிப் பிள்ளைகளிடம் போய்விட்டாள்.

டிசம்பர் 7-ஆம் தேதி பாட வேண்டும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட்டேன். போகிற போக்கில் சொன்னால் விஷயம் சிறிதாகிவிடும் என்பது என் அனுபவம்.

நவம்பர் 21

எரிவாயு உருளை வந்தது. கடலை எண்ணெய் தீர்ந்துவிட்டது. காலையில் திலகவதி தம்பூராவுக்குச் சுருதி சேர்க்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பெட்டியைப் பற்றிப் பேச்சில்லை. ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

வெற்றி! மன்றத்தில் நாற்காலி போதவில்லை. எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டதை நான் சொல்லப்போவதில்லை. வடாம் இயந்திரக் கதையைச் சொன்னபோது முன்வரிசையில் ஒருவருக்குப் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு திலகவதி பாடினாள். தம்பூரா வேண்டாம், பெட்டியே சுருதி கொடுக்கும் என்பது என் நிபந்தனை. வயலினுக்குச் சீர்காழியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் தன் தந்திகளைப் பெட்டியோடு சேர்க்கும்போது ஸாவை மட்டும் கேட்டுவிட்டு, மீதியைத் தன் காதால் சேர்த்துக்கொண்டார். இளைஞர்களுக்கு எப்போதும் அவசரம்.

கல்யாணியில் முதல் தடவை பஞ்சமத்தில் வந்து நின்றபோது திலகவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அதற்காகத் துருத்தியிலிருந்து கையை எடுத்ததில் பெட்டி ஒருகணம் விக்கியது. அவள் திரும்பிக்கொண்டாள். பிறகு கடைசிவரை திரும்பவில்லை. வயலின்காரர்தான் அவளை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு இன்று குரல் சரியில்லை. பனிக்காலம். வயலின் ஓரிடத்திலும் குரல் ஓரிடத்திலும் நின்றதுபோல் எனக்கே பட்டது என்றால் பாருங்கள். கைவலியில் நான் துருத்தியை மெதுவாகத்தான் போட்டேன், பெட்டி அவ்வளவாகக் கேட்டிருக்காது. வயலின்காரர் சாப்பிடாமலே பேருந்துக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.

டிசம்பர் 9

குடையை மன்றத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். எடுக்கப் போனபோது உறுப்பினர் இரண்டு பேர் நான் நிற்பது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். “பெட்டி பிரமாதம்யா,” என்றார் ஒருவர். எனக்கு உச்சி குளிர்ந்தது. “அந்தம்மாதான் பாவம். சுருதியே சேரல. வயலின் கரெக்டா நிக்கிது, இவங்க மேல போயிப் போயி நிக்கிறாங்க,” என்றார் மற்றவர். குடை கிடைத்துவிட்டது.

டிசம்பர் 13

பட்டமங்கலத் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வாம். அவர்கள் தெருவிலேயே வேறொரு வீட்டுக்கு அவர்கள் சுருதிப்பெட்டியோடு போவதை நானே பார்த்தேன். அங்கே என்ன தேர்வோ.

மாலையில் கலியபெருமாள் வந்தார். காபியைக் குடித்து முடிக்கும்வரை விலைவாசியைப் பற்றிப் பேசிவிட்டு, “ஆண்டு விழாவுக்கு மெயின் கச்சேரி திருவாரூர்லேர்ந்து ஒருத்தங்களைக் கேட்டுருக்கோம்மா. கமிட்டியில சொல்றாங்க. நீங்க வழக்கம்போல கடவுள் வாழ்த்து பாடிக் கொடுத்துடுங்க,” என்றார்.

“சரிங்கய்யா,” என்றாள் திலகவதி. தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“சார், அடுத்து என்ன கண்டுபிடிக்கப் போறீங்க?” என்று என்னைக் கேட்டார்.

நாலைந்து நாளாகத் தம்பூரா உறையை விட்டு வெளியே வரவில்லை. காலையில் வீடு அமைதியாக இருக்கிறது. செய்தித்தாளைக் கவனமாகப் படிக்க முடிகிறது.

டிசம்பர் 17

மன்றத்தின் விழா மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார்கள். ஸ்தாயியை எத்தனை பாகமாக வெட்டினால் பஞ்சமம் எங்கே விழும் என்று ஓர் அட்டவணை போட்டால் கம்பீரமாக இருக்குமே என்று உட்கார்ந்தேன்.

ஸ்தாயி முழுவதையும் ஆயிரத்து இருநூறு சென்ட் என்று வைத்துக்கொள்வது வழக்கம். நிலக் கணக்கில் சொன்னால் பன்னிரண்டு ஏக்கர். சாதாரண ஆர்மோனியத்தில் கட்டைக்கு ஒரு ஏக்கர். பஞ்சமத்தின் இடத்தை முடிவு செய்வது நாம் இல்லை. தந்தியின் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக்கினால் வருவதுதான் பஞ்சமம். அதன் பட்டா ஏழு ஏக்கர் இரண்டு சென்டில் இருக்கிறது. அதை யாரும் நகர்த்த முடியாது. நாம் ஊன்றுகிற வேலிக்கால் அதற்கு எவ்வளவு அருகில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

பன்னிரண்டு சம பாகம்: இரண்டு சென்ட் குறைவு. பதினேழு: நான்கு சென்ட் அதிகம். பத்தொன்பது: ஏழு குறைவு. முப்பத்தொன்று: ஐந்து குறைவு. நாற்பத்தொன்று: அரை சென்ட் அதிகம். ஐம்பத்துமூன்று: குறைவுதான், ஆனால் ஒரு சென்டைப் பதினைந்தாக்கினால் அதில் ஒரு பங்கு. கோடு கிழித்த மாதிரி விழுகிறது.

இருபத்திரண்டைக் கடைசியில் போடலாம் என்று வைத்திருந்தேன், மகுடம் மாதிரி. ஏழு சென்ட் அதிகம்.

மூன்று முறை போட்டேன். ஏழு சென்ட்தான். ஏழு சென்டில் மனுஷன் வீடு கட்டி, கிணறு வெட்டி, முருங்கையும் வைத்துக்கொள்ளலாம். நான் இளக்காரம் செய்த பன்னிரண்டு கட்டைப் பெட்டியில் பஞ்சமம் கிட்டத்தட்டச் சரி. என் பெட்டியில் ஏறித்தான் நிற்கிறது. முன்னோர்கள் இருபத்திரண்டு என்றார்கள். சம பாகம் என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஆடத் தெரிந்தவளைக் கோணல் என்றிருக்கிறேன்.

பிறகு இன்னொன்று தோன்றியது. அதை எழுதாமல் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். வந்தும் அது அங்கேயே இருக்கிறது. அன்று வயலின் சரியான இடத்தில் நின்றது. அவளோ பெட்டி நின்ற இடத்தில் நின்றாள். அவளுக்குக் குரல் சரியில்லாமல் இல்லை. ஏழு சென்ட் ஏற்றிப் பாடினாள், எல்லாப் பாட்டிலும், ஒவ்வொரு பஞ்சமத்திலும். தெரிந்தே.

டிசம்பர் 18

மாணவர்களின் விடைத்தாள் கட்டு வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 19

வெறுங்கையோடு எப்படிச் சொல்வது? ஐம்பத்துமூன்று பாகப் பெட்டி ஒன்று செய்து, சுத்தமான பஞ்சமத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம். கிறிஸ்துமஸ் விடுமுறை வருகிறது. கும்பகோணத்துக்குப் போன் செய்து ரீடு சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 29

ஒரே ஒரு ஸ்தாயிதான், அதற்கே ஐம்பத்துநான்கு நாக்கு. கட்டைக்கு மரம் இழைத்து மாளாது என்று ஐஸ் குச்சிகளை வரிசையாக ஒட்டிவிட்டேன். பார்ப்பதற்குச் சீப்பு விற்கிறவன் பெட்டி மாதிரி இருக்கிறது. ஆனால் செயலி காட்டும் எண்ணைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்து உட்கார்ந்து இடது கையால் துருத்தியைப் போட்டு வலது கையால் ஸாவை அழுத்தினேன். பாவை அழுத்த முடியவில்லை. அது முப்பத்தோரு குச்சி தள்ளி இருக்கிறது, ஓரடிக்கு மேல். என் விரல் எட்டவில்லை. பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துப் பார்த்ததில் மணிக்கட்டில் சுளுக்கியதுதான் மிச்சம். உலகத்திலேயே சுத்தமான பஞ்சமம் உள்ள ஆர்மோனியத்தைச் செய்து முடித்தபிறகுதான் அதை வாசிக்க இரண்டு ஆள் வேண்டும் என்று தெரிந்தது.

திலகவதியைக் கூப்பிட்டேன். அரிசி களைந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். “இதை மட்டும் அழுத்திப் பிடி,” என்று குறி வைத்த குச்சியைக் காட்டினேன். ஒற்றை விரலால் அழுத்தினாள்.

இரண்டு சுரமும் சேர்ந்தன. பழைய பெட்டியில் ஸாவும் பாவும் சேரும்போது அலையலையாக ஒரு நடுக்கம் கேட்கும். நான் அதைக் கம்பீரம் என்று நினைத்திருந்தேன். இதில் நடுக்கமே இல்லை. இரண்டும் ஒன்றாக அசையாமல் நின்றன. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

“சரியா இருக்கு,” என்றாள்.

“பழசுல ஏழு சென்ட் ஏறியிருந்துச்சு திலகா. நீ அன்னிக்கே சொன்னே.”

“தெரியும்.”

“மேடையில தெரிஞ்சேதான் அதோட போனியா?”

“போகாம? ரெண்டு பேரும் மேடையில இருக்கோம். நான் என் பஞ்சமத்துல நின்னுருந்தா உங்க பெட்டி தனியாக் கத்தியிருக்கும். அவ்வளவு ஜனம் சிரிக்கும். அவ்வளவு ஆசையாப் பேசிட்டு உக்காந்திருக்கீங்க. திரும்பிப் பார்த்தேன், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறீங்க. உங்களை அங்க தனியா விட்டுட்டு எனக்குப் பாட மனசு வரல.”

நான் துருத்தியை விட்டுவிட்டேன். அவள் விரல் இன்னும் குச்சியின் மேல்தான் இருந்தது, சத்தம் அடங்கிவிட்டது.

“உங்க பெட்டி குணமாயிடுச்சு,” என்றாள். “என் பேரு?”

சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

ஜனவரி 4, ஞாயிறு

மன்றக் கூட்டத்தில் எழுந்து ஒப்புக்கொண்டுவிட்டேன். நெஞ்சுப் பாரம் இறங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதையை முதலிலிருந்து சொன்னேன். பன்னிரண்டு ஏக்கர், வேலிக்கால், பஞ்சமத்தின் பட்டா நிலத்தை ஆக்கிரமித்த தெய்வநாயகம் என்று விவரித்தேன். ஐஸ் குச்சிக்கு வந்தபோது கூரை பிய்ந்தது. “அன்னிக்கு அபசுருதி பெட்டிதான், என் மனைவி இல்லை,” என்று முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் கலியபெருமாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “பொண்டாட்டி செஞ்ச தப்பைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்க எவ்வளவு பெரிய மனசு வேணும் சார்! நான்லாம் செய்ய மாட்டேன்.”

“இல்லைங்க, நிஜமாவே பெட்டிதான்...”

“புரியுது சார், புரியுது.” தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் இரண்டு பேர் வந்து கை குலுக்கினார்கள். ஒருவர் தன் மனைவியைக் கூட்டிவந்து என்னைக் காட்டினார்.

ஜனவரி 5

திலகவதிக்கு விஷயம் காய்கறிக்காரம்மா மூலம் வந்துவிட்டது. என்ன சொன்னேன் என்று கேட்டாள். நேற்றுப் பேசியதைப் பேசிக்காட்டினேன். அதே குரலில், அதே கையசைப்போடு, வேலிக்கால் வரும் இடத்தில் அதே இடைவெளி விட்டு.

“சிரிச்சாங்களா?”

“விழுந்து விழுந்து.”

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. “உங்களை நீங்களே கேலி பண்ணிக்கிட்டா ஜனங்களுக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப் போயிடுது. வடாம் மெஷினுக்கும் இதேதான். தொட்டிக்கும் இதேதான். கல்யாணமான நாள்லேர்ந்து பார்க்குறேன். நீங்க சிரிக்க வெச்சதும் எல்லாம் தீர்ந்துபோயிடுது, உங்களுக்கு. எனக்கு என்ன தீர்ந்துச்சு? நான் சிரிக்கிற மாதிரி எதுவும் பண்ணலயே. பாடினேன். அவ்வளவுதான்.”

வேடிக்கையாக ஒன்று நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

ஜனவரி 7

இந்தக் குறிப்புகளை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்ததாக ஒரு பக்கத்திலும் இல்லை.

வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 9

அவளிடம் தம்பூராவைக் கேட்டேன். எதற்கு என்று சொன்னேன். மறுபடியும் மேடையா என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை. உறையைப் பிரித்து, ஒட்டடையைத் துடைத்து, சுருதி சேர்த்துக் கொடுத்தாள். “வழியில முறுக்காணி மேல கை படாம எடுத்துட்டுப் போங்க, சுருதி கலைஞ்சிடும்,” என்றாள்.

ஜனவரி 11, ஞாயிறு

ஆட்டோவில் தம்பூராவும் இருபத்திரண்டு கட்டைப் பெட்டியும் போயின. நான் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

பேச அனுமதி கேட்டதுமே சிரித்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். நான் பேசவில்லை. தம்பூராவைப் பாடத் தெரிந்த ஓர் அம்மாவிடம் கொடுத்து மீட்டச் சொன்னேன். “எல்லாரும் பஞ்சமத்துல நில்லுங்க,” என்றேன். தமிழிசை மன்றம் அல்லவா, யாருக்கும் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூக்கால் முனகியவர்கள், வாய்விட்டுப் பாடியவர்கள், கலியபெருமாளின் கரகரப்பு எல்லாம் சேர்ந்து கூடம் முழுவதும் ஒரே பஞ்சமமாக நின்றது. ஊர் முழுதும் ஒன்றாக இருக்கிற இடம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

அப்போது பெட்டியின் பா கட்டையை அழுத்தினேன். துருத்தியை இந்தத் தடவை பலமாகப் போட்டேன்.

முகங்கள் சுளித்தன. முன்வரிசைக்காரர் பல் கூசியதுபோல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பாதிப் பேர் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒன்றிரண்டு பேர் என்னோடு சேர்ந்து மேலே ஏறப் பார்த்து, முடியாமல் விட்டார்கள். நான் கட்டையை விடவில்லை. பின்னால் யாரோ சிரித்தார். அவர் சிரித்து ஓயும்வரை காத்திருந்தேன்.

“அன்னிக்கு என் மனைவி இதோடதான் நின்னாங்க,” என்றேன். “ஒண்ணரை மணி நேரம். உங்களால ஒரு மூச்சு நிக்க முடியலை. வயலின் ஒரு பக்கம் இழுக்குது, நான் ஒரு பக்கம் இழுக்குறேன். ஒரு தடவை கூட வழுக்காம அதே தப்பான இடத்துல போய் நிக்க எப்படிப்பட்ட காது வேணும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. பஞ்சமம் ஏறியிருக்குன்னு எனக்கு முன்னாடியே சொன்னாங்க. உன் காதுதான் சரியில்லைன்னு நான் சொன்னேன். அவங்க பேரைக் கெடுத்தது நான்.”

அதற்குமேல் சொல்ல என்னிடம் வேடிக்கை எதுவும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. யாரும் என் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. தம்பூராவை மீட்டிய அம்மா மட்டும் நிறுத்த மறந்து மீட்டிக்கொண்டே இருந்தார்.

வாசலில் கலியபெருமாள் என்னைப் பார்க்காமல் பேசினார். “வயலின்காரர் அன்னிக்கே சொன்னாரு சார். ‘அந்தம்மா தெரிஞ்சேதான் அங்க நிக்கிறாங்க, ஏன்னு புரியல’ன்னாரு. நான்தான் காதுல போட்டுக்கல.”

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன், நடித்துக் காட்டாமல். கேட்டுக்கொண்டிருந்தவள் தம்பூராவை வாங்கி மீட்டிப் பார்த்தாள். “முறுக்காணியில கை பட்டிருக்கு,” என்றாள்.

ஜனவரி 14, போகி

கலியபெருமாள் மனைவியோடு வந்தார். திருவாரூர்க்காரருக்கு விழாவின் இரண்டாம் நாளை ஒதுக்கிவிட்டார்களாம். முதல் நாள் முழுக் கச்சேரி திலகவதி பாட வேண்டும் என்று கமிட்டியே கேட்கிறதாம். இந்தத் தடவை அவர் விலைவாசியைப் பற்றிப் பேசவில்லை.

“பாடறேங்கய்யா,” என்றாள். “ஆனா முன்னுரை, விளக்கம், பாராட்டு எதுவும் வேண்டாம். தம்பூராவுக்கு ஆள் பார்க்க வேண்டாம். எங்க வீட்டுக்காரர் மீட்டுவாரு.”

எனக்கு அப்போதுதான் தெரியும். தம்பூராக்காரருக்கு மேடையில் என்ன வேலை என்று அவர்கள் போனபிறகு கேட்டேன். “பின்னாடி உக்காரணும். மீட்டிக்கிட்டே இருக்கணும். பேசக் கூடாது,” என்றாள். சொல்லும்போது வாயோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. இதைப் பதிவு செய்கிறேன்.

இருபத்திரண்டு கட்டைப் பெட்டியைப் போகியில் போட்டுவிடலாமா என்றேன். பித்தளை எரியாது, புகைதான் வரும் என்றாள். பரணில் ஏற்றினோம்.

ஜனவரி 25, ஞாயிறு

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. திலகவதி அரக்குப் புடவை கட்டியிருந்தாள். நான் இரண்டு வாரமாக மீட்டிப் பழகியதில் விரல் நுனி தடித்துப்போயிருந்தது. அவள் தம்பூராவை மடியில் சாய்த்துச் சுருதி சேர்த்தாள். பிறகு என் பக்கம் நகர்த்தினாள்.

“பஞ்சமம் சேர்ந்துடுச்சா, பார்த்துச் சொல்லுங்க.”

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. போன் இல்லை. அவள் கைப்பையில் இருந்தது.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“நான் சொல்லல. உங்களைக் கேக்குறேன்.”

வெளியே நாற்காலி இழுக்கிற சத்தம், யாரோ ஒலிபெருக்கியைத் தட்டுகிற சத்தம். அதையெல்லாம் தள்ளிவிட்டுக் கேட்க எனக்குப் பழக்கமில்லை. மீட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். மறுபடி மீட்டினேன். கண்ணை மூடினேன். ஒலி மங்கிப் போகிற கடைசியில், மிக மெதுவாக, ஓர் அலை வந்து போனது.

“இல்லை,” என்றேன். “இன்னும் சேரல.”

“ஏறியா, இறங்கியா?”

ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் சும்மா இருந்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. கலியபெருமாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இன்னும் ஒருமுறை மீட்டினேன்.

“இறங்கி.”

தந்திக்கு அடியிலிருந்த சுருதி மணியை விரலால் துளி நகர்த்தினாள். அலை நீண்டு, இன்னும் நீண்டு, இல்லாமல் போனது.

“இப்ப?”

“இப்ப நிக்கிது.”

வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தாளா என்று நான் கேட்கவில்லை. அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, “வாங்க,” என்றாள். தம்பூராவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.